ஆவிப் படங்களும் பாரிஸ் வழக்கும்

இறந்தோர் உருவம் படத்தில் விழுந்தது என்னும் செய்தி, புகைப்படக் கலை பரவிய சில ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. 1860களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரில் நகைகளுக்குச் செதுக்கு வேலை செய்துவந்த வில்லியம் மம்லர் தம்மைத் தாமே எடுத்த படமொன்றில் வேறோர் உருவமும் மங்கலாகத் தெரிந்தது. முன்பு பயன்பட்ட கண்ணாடித் தகட்டைச் சரிவரத் துடைக்காமல் மீண்டும் பயன்படுத்தினால் இவ்வாறு நேரும். மம்லரோ அதைத் தொழிலாக்கிக்கொண்டார். உள்நாட்டுப் போரில் புதல்வரை இழந்த இல்லங்கள் மலிந்திருந்த காலம் அது. 1869இல் நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்கு நடந்தது. இன்ன முறையில்தான் ஏமாற்றினார் என்று மெய்ப்பிக்க இயலாமையால் விடுவிக்கப்பட்டார்.

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது 1875 ஜூன் மாதம் பாரிஸில் நடந்த வழக்கு. எதுவார் பியூகே என்னும் புகைப்படக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. மெல்லிய துணி சுற்றிய பொம்மைக்குப் பொருத்தமான தலையொன்றை மாட்டி முதலில் தகட்டில் பதித்துக்கொள்வாராம். பின்னர் அதே தகட்டில் வாடிக்கையாளரைப் படமெடுப்பாராம். காத்திருப்போரிடம் பணிப்பெண் பேச்சுக்கொடுத்து, இறந்தவரின் வயதையும் சாயலையும் அறிந்துவருவாள். காவலர் கைப்பற்றிய பொம்மையும் தலைகளும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன.

வியப்பு அதன்பின்னரே தொடங்குகிறது. சாட்சிகள் பலர் பியூகேயின் வாக்குமூலத்தையே ஏற்க மறுத்தனர். ஓவிய வணிகர் ஒருவர், படத்தில் இருப்பவள் தம் மனைவியே என்றும், பிள்ளைகளும் "அம்மா" என்று கூவினர் என்றும் உறுதி கூறினார். அப்பெண்மணியின் படம் எதுவும் தம்மிடம் இருந்ததில்லை, ஒப்புமை தற்செயலே என்றார் பியூகே. ஒரே தலை ஒருவருக்குச் சகோதரியாகவும், மற்றொருவருக்குத் தாயாகவும், வேறொருவருக்குத் தோழியாகவும் பயன்பட்டதும் வெளியாயிற்று. எந்தோரில் சவுல், அந்த ஸ்திரீ கூறிய முதுமையையும் சால்வையையும் கொண்டே சாமுவேல் என்று அறிந்துகொண்டான் (1 சாமு. 28:14) என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. துயருற்ற கண் தனக்கு வேண்டிய முகத்தைத் தானே வரைந்துகொள்கிறது. அதைப் பொய்ச்சாட்சி என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

பியூகேயிக்கு ஓராண்டுச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. எனினும், இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற ஸ்டெயின்டன் மோசஸ், வாக்குமூலமே பொய், படங்களோ மெய் என்று வாதிட்டார். குருத்துவக் கல்வி இத்தகைய மயக்கத்திற்கு அரணன்று போலும்!

ஆகவே, உருவம் யாரைப் போன்றது என்னும் கேள்வியால் பயனில்லை. ஆவியின் முகத்திலும் அமர்ந்திருப்பவர் முகத்திலும் ஒளி ஒரே திசையிலிருந்து விழுகிறதா, அதே முகம் வேறு குடும்பத்தார் படத்திலும் உண்டா என்று பார்க்கலாம். அதனினும் முதன்மையானது, தகடு யார் கையில் இருந்தது என்பது. 1922இல் ஹாரி பிரைஸ், எக்ஸ்-கதிரால் இரகசியக் குறியிட்ட தகடுகளோடு வில்லியம் ஹோப்பிடம் சென்றார். ஆவி தோன்றிய தகட்டில் அக்குறி இல்லை. தகடு மாற்றப்பட்டிருந்தது! அதன்பின்னும் ஹோப்பிற்காகப் பரிந்து எழுதிய ஆர்தர் கோனன் டாயில், 1918இல் மகனைப் பறிகொடுத்த தந்தை.

இன்று தகடு இல்லை. அலைபேசியில் கைமாறி வரும் படமும் காணொளியும் உண்டு. மரண வீட்டில் அதை நம்மிடம் நீட்டுவோரிடம், எடுத்தவர் யார், முதற்பதிவு எங்கே, இடையில் யார் யாரிடம் இருந்தது என்று கேட்கலாம். அடக்கம் முடிந்த அன்றே கேட்கவேண்டும் என்பதில்லை.