மழையைத் தேடிய வானாய்வகம்

கொடைக்கானலிலிருந்து மேற்கே செல்லும் மலைப்பாதையில் பூம்பாறையைத் தாண்டிச் சென்றால் கூக்கால் என்னும் சிற்றூர் வரும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. அங்குள்ள உழவர் வானத்தைப் பார்ப்பது மழைக்காக. அதே மலைத்தொடரில் கொடைக்கானல் நகரையொட்டி, கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில், நூறாண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றை நோக்கியபடி ஒரு வானாய்வகம் நிற்கிறது. உழவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அந்த ஆய்வகம் தோன்றியதற்கே மழைதான் ஒரு முதன்மைக் காரணம் என்பதை நம்மில் பலர் அறியோம்.

பருவக்காற்றைக் குறிக்கும் ‘மான்சூன்’ என்ற சொல் அரபுமொழியின் ‘மவ்ஸிம்’ என்பதிலிருந்து பிறந்து, போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தது. அரபு மாலுமிகளுக்கு மவ்ஸிம் என்பது கப்பல் புறப்படும் காலம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோரும் காற்றின் காலமறிந்தே கடலில் இறங்கினர். கரையில் இருந்தவனுக்கு அதே காற்று மழையாகவும், அது பொய்த்தால் பஞ்சமாகவும் வந்தது.

1876இல் அது கொடுமையாகப் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நினைவுகூரும் அப்பஞ்சம் 1878 வரை நீடித்து, அரைக்கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதாகக் கணக்கிடுகின்றனர். அந்நாளில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்ததையும், நிவாரணக் கூலி அரைவயிற்றுக்கும் போதாததையும் வரலாறு பதிந்து வைத்துள்ளது. ஆட்சியாளர்களோ விடையை வானில் தேடினர். வில்லியம் ஹண்டர் 1877இல் சென்னையின் மழையளவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஞாயிற்றின் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று எழுதினார். கரும்புள்ளிகள் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் தணிகின்றன என்று ஜெர்மனியின் ஷ்வாபே 1844இலேயே வெளியிட்டிருந்தார். அப்படியானால் பஞ்சத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாமே! நிர்வாகத்தின் குற்றத்தை ஞாயிற்றின் மேல் ஏற்றிவிடும் வசதியும் இக்கொள்கைக்கு இருந்தது என்பது நம் கருத்து. ஆயினும் அதிலிருந்த அறிவியல் வினா உண்மையானது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இயங்கி வந்தது. கடற்கரை நகரின் ஈரக்காற்றும் மேகமும் ஞாயிற்றாய்வுக்கு ஏற்றவை அல்ல. ஆகவே நீலகிரியிலும் பழனி மலையிலும் வானின் தெளிவை அளந்து பார்த்த சார்லஸ் மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1893இல் முடிவாகி, 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்ட, 1899இல் பணிகள் மலைக்கு மாறின. வானிலைத் துறையின் ஆளுகைக்குள்ளேயே ஆய்வகம் வைக்கப்பட்டது. நோக்கம் மழைதான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த நோக்கம் நிறைவேறியதா? இல்லை. இல்லையென்று காட்டியவரும் அதே துறையின் தலைவரே. 1904 முதல் 1924 வரை அப்பொறுப்பில் இருந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளிகளையும் மழையையும் எண்களால் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு முன்னறிவிப்புக்கு உதவாத அளவுக்கு நலிந்தது என்று கண்டார். அவர் அத்துடன் நிற்கவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளை அலசி, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே அழுத்தம் ஊசலாடுவதைக் கண்டறிந்தார். இன்று ‘எல் நினோ’ என்று செய்தித்தாள் எழுதும்போதெல்லாம் அந்த ஊசலின் மறுபாதியைத்தான் நாம் படிக்கிறோம். கூக்கால் உழவரின் வினாவுக்கான விடையின் ஒரு பகுதி ஞாயிற்றில் அல்ல, கடலில் இருந்தது.

இனி ஆய்வகத்தை மூடிவிடலாம் என்று எவரேனும் கருதியிருந்தால் அது பெரும் இழப்பாகியிருக்கும். 1907இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஒளிமாலையைப் பகுத்தபோது, புள்ளியின் ஓரப்பகுதியில் வளிமம் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகப் பாடநூல்கள் அதைக் குறிக்கின்றன. அவருடைய மனைவி மேரியும் ஞாயிற்றின் தீப்பிழம்புகளை ஆராய்ந்தவர். தாந்தேயின் காவியத்திலுள்ள வானியலைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

விடுதலைக்குப் பின் 1960இல் இதன் தலைமையை ஏற்ற வைணு பாப்பு ஹைதராபாதில் வளர்ந்தவர். நவாப் ஸஃபர் ஜங் தம் சொந்தப் பொருளில் தொலைநோக்கி தருவித்து நிறுவிய நிஜாமியா வானாய்வகத்தில்தான் அவருடைய தந்தை பணியாற்றினார். 1919இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்த ஆய்வகம், உலக நாடுகள் பங்கிட்டுக்கொண்ட வான்படத் திட்டத்தில் தன் பங்காக ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து தந்தது. ஒரு செல்வந்தரின் விருப்பம் பல்கலைக்கழகத்தின் பணியாகி, அங்கிருந்து ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் ஹார்வர்டுக்குச் சென்ற ஓர் இளைஞரை நாட்டுக்குத் திருப்பித் தந்தது.

பாப்புவின் காலத்தில் செயற்படத் தொடங்கிய சுரங்கத் தொலைநோக்கி இன்றும் காணத்தக்கது. 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடி ஞாயிற்றொளியைக் கீழே திருப்ப, 60 மீட்டர் நீளமுள்ள நிலவறையில் 34 சென்டிமீட்டர் அகலப் படிமம் விழுகிறது. சிறு துளையின் வழியே கிரகணத்தின் பிறையுருவைச் சுவரில் வீழ்த்திப் பார்த்த இப்னுல் ஹைதம் இதைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார். இன்னும் நுணுக்கமாக அளக்கச் சொல்லியிருப்பார்.

ஆனால் ஆய்வகத்தின் உண்மையான செல்வம் அதன் கண்ணாடித் தகடுகள். மேகம் விலகிய நாளெல்லாம் ஞாயிற்றைப் படமெடுக்கும் வழக்கம் 1904இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அதன் பயன் எடுத்தவர்களுக்குத் தெரியாது. 1989 மார்ச்சில் ஞாயிற்றுப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது லட்சம் மக்களை ஒன்பது மணிநேரம் இருளில் ஆழ்த்தியது. 2022 பிப்ரவரியில் புதிதாக ஏவிய நாற்பதுக்கு நெருங்கிய செயற்கைக்கோள்கள் அத்தகையதொரு கொந்தளிப்பால் வீழ்ந்தன. மின்கட்டமைப்பும் வழிகாட்டிக் கருவிகளும் தொலைத்தொடர்பும் ஞாயிற்றின் போக்கை எதிர்நோக்கி நிற்கும் காலத்தில், அதன் ஒழுங்கைக் கணிக்க நீண்டகாலப் பதிவு தேவை. புதிய கருவி எவ்வளவு கூரியதாயினும் நேற்றைய ஞாயிற்றைப் படமெடுக்காது.

2023 செப்டம்பர் 2இல் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் ஞாயிற்றின் ஒளிவளையத்தை ஆராயும் கருவியை உருவாக்கியது, கொடைக்கானலை இன்று நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே. பழைய தகடுகளும் கணினிப் படிவங்களாக மாற்றப்பட்டு, எந்நாட்டு மாணவரும் ஆய்வுக்கு எடுத்தாளும்படி பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. 1904இன் ஞாயிறு முதல் அவற்றில் இருக்கிறது. இடையிடையே படமில்லாத நாள்கள் வரும். அவற்றுள் பல, மலையில் மழை பெய்த நாள்கள்.