‘நான் யார்?’: வினவியவர் வரலாறு

தியானத்தில் அமர்வோர்க்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன. அலையும் மனத்தை அடக்குவது எவ்வாறு? மூச்சை அடக்கினால் போதாதா? ‘நான்’ என்னும் உணர்வின் மூலம் எது? இவ்வையங்கள் தமிழ் உரைநடையில் எளிமையாகப் பதிவானமைக்கு நாம் ஓர் அரசு ஊழியருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தத்துவம் பயின்ற சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த்துறையில் பணியாற்றியவர். 1902ஆம் ஆண்டையொட்டி அலுவல் நிமித்தம் திருவண்ணாமலை சென்றவர், விரூபாட்ச குகையில் 23 வயதும் நிரம்பாத ரமணரைக் கண்டு வினவினார். ரமணர் அந்நாளில் பேசுவதில்லை. விடைகளை எழுதியே காட்டினார். மணலில் எழுதியது நிலைக்குமா? பிள்ளை அவற்றைப் போற்றிக் காத்தார். நூலாக அச்சேறியதோ 1923இல்.

மூச்சடக்கம் பற்றிய விடை நமக்கு மிகவும் பயன்படுவது. மூச்சு அடங்கியிருக்கும் வரையே மனமும் அடங்கும். பின்னர் மீண்டும் வெளியே ஓடும். எனவே அது துணையேயன்றி முடிவன்று. நினைவு எழுந்தால் அதன்பின் செல்லாது, அது தோன்றியது யாருக்கென ஆராய வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி.

பிற்காலத்தில் ரமணரே வினாக்களை நீக்கி அதனைக் கட்டுரையாக்கினார். கோவை சிறந்தது, கேட்டவரின் தவிப்பு மறைந்தது. புதிதாகப் பயில்வோர்க்கு வினாவிடை வடிவே உகந்தது என்பது நம் கருத்து. உடல், பொறி, மனம் முதலியவற்றை ஒவ்வொன்றாக ‘நான் அல்லேன்’ எனத் தள்ளும் நீண்ட பகுதி பிள்ளை தம் தெளிவுக்காகச் சேர்த்துக்கொண்டது. அதனை ரமணர் தம் கட்டுரையிலும் விலக்கவில்லை.