ஞாயிறு ஆட்டமும் தொலைவூர் ரசிகரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இளவேனிலில் தொடங்கி இலையுதிர்காலம் வரை நீளும் பேஸ்பால் பருவத்தின் ஏதேனும் ஒரு வார இறுதிக்கு நுழைவுச் சீட்டும் தங்குமிடமும் வீட்டாருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துவிட்டு, புறப்படும் வேளையில்தான் செல்லுமிடத்தை வெளியிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பிறந்தநாளுக்கோ மணநாளுக்கோ அளிக்கும் பரிசாகக் கருதப்படும் இப்பயணம், பார்வைக்கு ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட மகிழ்ச்சியாகவே தோன்றுகிறது. ஆனால் இதனை மறைவாகத் திட்டமிட வேண்டுமானால், எந்த நாளில் எந்த ஊரில் ஆட்டம் நடக்கும் என்பது பல வாரங்களுக்கு முன்பே உறுதிப்பட்டிருக்க வேண்டும். அந்த நாள் உழைப்போர் ஓய்ந்திருக்கும் நாளாக அமைய வேண்டும். நெடுந்தொலைவு சென்றபின் இருக்கை இல்லையென்று திரும்பும் நிலையும் நேரக் கூடாது. இம்மூன்றில் முதலாவது எளிதில் கிடைத்தது, மூன்றாவது தாமதமாக வந்தது, இரண்டாவதற்கோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் வழக்காட வேண்டியிருந்தது.

சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஹல்பெர்ட் முன்னின்று 1876 பிப்ரவரியில் நேஷனல் லீக் என்னும் கழகக் கூட்டமைப்பை நிறுவியபோது, ஆட்ட நாட்களைக் கழகங்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டன. அந்த ஆண்டின் இறுதியில் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா ஆகிய இரு நகரங்களின் கழகங்களும் செலவுக்கு அஞ்சி மேற்குப் பகுதிக்குச் செல்ல வேண்டிய பயணத்தைக் கைவிட்டதால் லீக்கிலிருந்தே விலக்கப்பட்டன. அடுத்த ஆண்டு முதல் லீக் தானே அட்டவணை வகுத்து வெளியிட்டது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட அணி வந்தே தீரும் என்ற நம்பிக்கையை வெளியூர் ரசிகருக்கு முதன்முதலில் அளித்தது இந்த அட்டவணையே ஆகும்.

ஆனால் அந்த அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை இல்லை. கிறித்தவ ஓய்வுநாளில் வணிகத்தையும் கேளிக்கையையும் தடுத்த சட்டங்கள் ஆங்கிலேயக் குடியேற்றக் காலத்திலிருந்தே பல மாநிலங்களில் நிலைத்திருந்தன. சூதாட்டத்தாலும் குடியாலும் கெட்டிருந்த ஆட்டத்தின் பெயரை மீட்டு, வசதி படைத்த நடுத்தர வகுப்பாரை ஈர்க்க விரும்பிய லீக், ஞாயிறு ஆட்டத்தையும் திடலில் மது விற்பதையும் ஒருங்கே விலக்கி, நுழைவுக் கட்டணத்தை 50 சென்ட் என உயர்த்தி வைத்தது. ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த சின்சினாட்டியின் கழகம் ஞாயிறுகளில் திடலை வாடகைக்கு விட்டதற்காகவும் பீர் விற்றதற்காகவும் 1880இல் வெளியேற்றப்பட்டது. வழிபாடு முடிந்தபின் குடும்பத்தோடு பூங்காவிலோ பீர்த் தோட்டத்திலோ பொழுது போக்குவதை ஜெர்மானியர் ஒழுக்கக்கேடாகக் கருதவில்லை என்பதால், இந்த மோதல் பக்திக்கும் பக்தியின்மைக்கும் இடையிலானது அன்று. ஓய்வுநாளை எவ்வாறு கழிப்பது என்பதில் இரு கிறித்தவ மரபுகளுக்கு இடையே நிலவிய பிணக்காகவே அதனைக் கொள்ள வேண்டும். 1882இல் களமிறங்கிய அமெரிக்கன் அசோசியேஷன் என்ற போட்டி லீக், 25 சென்ட் கட்டணம், ஞாயிறு ஆட்டம், பீர் ஆகிய மூன்றையும் அனுமதித்தது. ஜெர்மனியில் பிறந்து செயின்ட் லூயிஸ் நகரில் மதுக்கடை நடத்திய கிறிஸ் வான் டெர் ஆஹே அதன் முதன்மைப் புரவலர்களுள் ஒருவர். பத்தாண்டுகளில் அந்த லீக் மறைந்தாலும், அதன் நான்கு கழகங்களைச் சேர்த்துக்கொண்ட நேஷனல் லீக், 1892 முதல் ஞாயிறு ஆட்டத்தை அந்தந்தக் கழகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

லீக் இசைந்தபின் தடையாக நின்றது மாநிலச் சட்டமும் உள்ளூர்க் காவல்துறையுமே. இதனைக் கடக்கக் கழகங்கள் கையாண்ட உத்திகளே பேஸ்பால் பார்ப்பதற்கென்று ஊர்விட்டு ஊர் செல்லும் பழக்கத்துக்கு வழிகோலின என்று கருத இடமுண்டு. 1880களின் பிற்பகுதியிலேயே அமெரிக்கன் அசோசியேஷனின் ஃபிலடெல்ஃபியாக் கழகம் தன் ஞாயிறு ஆட்டங்களை டெலாவேர் ஆற்றின் மறுகரையில், நியூஜெர்சி மாநிலத்துக்குட்பட்ட குளோஸ்டர் சிட்டியில் நடத்தியபோது, ரசிகர்கள் படகேறி ஆற்றைக் கடந்து சென்றனர். புரூக்ளின் கழகம் குவீன்ஸ் வட்டத்தின் ரிட்ஜ்வுட் பூங்காவுக்கும், டெட்ராய்ட் கழகம் நகர எல்லைக்கு வெளியே இருந்த பர்ன்ஸ் பூங்காவுக்கும் சென்றன. கிளீவ்லாந்தில் 1897 மே மாதம் துணிந்து நடத்திய ஞாயிறு ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் கைதாயினர்; சில ஆண்டுகள் கழித்து அந்நகரின் வேறொரு கழகம் தன் உள்ளூர் ஆட்டங்கள் சிலவற்றைக் கான்டன், கொலம்பஸ் போன்ற பிற ஊர்களுக்கு எடுத்துச் சென்றது. இவை எல்லாவற்றிலும் வேடிக்கையானது 1904இல் புரூக்ளின் கழகம் கண்ட வழி: நுழைவு இலவசம் என்று அறிவித்துவிட்டு, ஆட்டக்காரர் பெயர்கள் அச்சிட்ட தாளை இருக்கையின் தரத்துக்கேற்ப வெவ்வேறு விலைக்கு விற்றது. சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்தை மீறிய இந்தத் தந்திரத்தைக் காவல்துறை ஏற்கவில்லை.

இந்தத் தடை யாரைத் தாக்கியது என்பதும் ஆராயத்தக்கது. மின்விளக்கு வராத அக்காலத்தில் வார நாட்களின் ஆட்டங்கள் பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே தொடங்கின. பங்குத் தரகரும் வழக்கறிஞரும் அலுவலகத்தை முடித்துக்கொண்டு வந்து அமர முடிந்தது. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என உழைத்த ஆலைத் தொழிலாளிக்கோ ஞாயிறு ஒன்றே ஓய்வு. ஓய்வுநாளின் தூய்மையைக் காப்பதாகச் சொல்லி இயங்கிய சட்டம், நடைமுறையில் செல்வரின் ஆட்டத்தைச் செல்வருக்கே காத்துத் தந்தது. தொழிலாளர் அமைப்புகள் ஞாயிறு ஆட்டத்தை ஆதரித்ததும், புராட்டஸ்டண்ட் திருச்சபைகள் பலவும் அதனை எதிர்த்ததும் இப்பின்னணியிலேயே விளங்கும்.

சட்டம் நகரம் நகரமாகத் தளர்ந்தது. சிகாகோவும் செயின்ட் லூயிஸும் சின்சினாட்டியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஞாயிறு ஆட்டத்தை ஏற்றிருக்க, டெட்ராய்ட் 1907இலும் கிளீவ்லாந்து 1911இலும் தலைநகர் வாஷிங்டன் போர்க்காலமான 1918இலும் அவ்வழியில் சேர்ந்தன. நியூயார்க்கில் 1917 ஆகஸ்டில் நடந்த ஒரு ஞாயிறு ஆட்டத்துக்காக, புகழ்பெற்ற மேலாளர் ஜான் மெக்ராவும் எதிரணியை நடத்திய கிறிஸ்டி மேத்யூசனும் கைதாகி, நீதிபதியால் விடுவிக்கப்பட்டனர். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் ஞாயிறுகளில் ஆட மறுத்துவந்தவர் மேத்யூசன் என்பதை நினைத்தால், இந்தக் கைதின் முரண் புலப்படும். பின்னர் நகர மேயரான ஜிம்மி வாக்கர் மாநில மேலவையில் கொண்டுவந்த சட்டத்தில் ஆளுநர் ஆல் ஸ்மித் கையெழுத்திட, 1919 மே 4 அன்று போலோ கிரவுண்ட்ஸ் திடலிலும் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டிலும் சட்டம் ஒப்பிய ஞாயிறு ஆட்டங்கள் நடந்தன. பாஸ்டன் 1929இல் இசைந்தது. எனினும் தேவாலயத்துக்கு அருகில் ஆடக் கூடாது என்ற விதியால், ரெட் சாக்ஸ் கழகம் 1932 வரை தன் சொந்தத் திடலான ஃபென்வே பார்க்கை விட்டு, ஞாயிறுதோறும் மற்றொரு கழகத்தின் திடலில் ஆடியது.

கடைசியாக நின்றது பென்சில்வேனியா. அங்கே 1794ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உயிரோடிருந்தது. 1926இல் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் கழகம் நீதிமன்றத்தின் இடைக்காலப் பாதுகாப்போடு ஒரே ஒரு ஞாயிறு ஆட்டம் நடத்திப் பார்த்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. இதனால் ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் அணிகள் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் இரவு ரயிலேறி, வேறு மாநிலத்தில் ஒரே ஒரு ஞாயிறு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும் விசித்திர நிலை நீடித்தது. ரசிகர் ஆட்டத்தைத் தேடிப் பயணிக்க வேண்டிய நாளில், ஆட்டக்காரர்கள் ரசிகரைத் தேடிப் பயணித்தனர். பொருளாதார மந்தத்தின் நடுவே, 1933 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் இரு நகர மக்களும் ஒப்புதல் அளித்தனர். 1934 முதல் பிற்பகல் 2 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஆட்டம் அனுமதிக்கப்பட்டது.

ஞாயிறு திறந்துவிட்ட நகரங்களில் தொலைவூர் ரசிகரை ஈர்த்தவை ரயில் கம்பெனிகள். வார இறுதியில் வெறுமையாகக் கிடந்த பெட்டிகளைக் குறைந்த கட்டணத்தில் நிரப்பும் சுற்றுலா ரயில்களை அவை விட்டன. நம் ஊர்த் திருவிழாக்களுக்கு விடப்படும் சிறப்பு ரயில்களை ஒத்தவை அவை. சின்சினாட்டிக்கு ஒஹாயோவின் சிற்றூர்களிலிருந்து மட்டுமன்றி, இண்டியானா, கென்டக்கி மாநிலங்களிலிருந்தும் காலையில் வந்து இரவில் திரும்பும் கூட்டம் இருந்தது. இவர்கள் பயணத்துக்குப் பயன் கிட்டும் வகையில், ஒரே சீட்டில் இரண்டு ஆட்டங்களைக் காட்டும் ‘இரட்டை ஆட்டம்’ ஞாயிறுகளில் வழக்கமாயிற்று. 1950களின் நடுப்பகுதி வரை செயின்ட் லூயிஸுக்கு மேற்கிலும் தெற்கிலும் பெரிய லீக் கழகமே இல்லாததால், அந்நகரின் கேஎம்ஓஎக்ஸ் வானொலியில் கார்டினல்ஸ் அணியின் ஆட்டங்களைக் கேட்டுப் பழகிய அர்கன்சா, ஓக்லஹோமா மக்களுக்கு ஆண்டுக்கொரு முறை அங்கே செல்வது ஒரு யாத்திரையாகவே ஆனது.

எல்லா ரசிகருக்கும் இந்தப் பயணம் ஒன்றுபோல் இருக்கவில்லை. அந்தச் செயின்ட் லூயிஸ் திடலிலேயே 1944 வரை கறுப்பின ரசிகர்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய லீக்குகள் கறுப்பின ஆட்டக்காரரை விலக்கிவைத்த காலத்தில், 1920இல் ரூப் ஃபாஸ்டர் தலைமையில் உருவான நீக்ரோ நேஷனல் லீக்குக்கு ஞாயிறே உயிர்நாள். கான்சஸ் சிட்டியில் மோனார்க்ஸ் அணி ஆடும் நாட்களில், தேவாலயங்கள் வழிபாட்டை முன்னதாகத் தொடங்கி மக்களை நேரத்தோடு அனுப்பிவைத்தன. வேறிடங்களில் ஆட்டத்தை எதிர்த்து வழக்காடிய திருச்சபைகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் 1933 முதல் ஆண்டுதோறும் நடந்த, கறுப்பின நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதிய கிழக்கு–மேற்கு ஆட்டத்துக்குத் தென்மாநிலங்களிலிருந்து மக்கள் ரயில்களில் வந்தனர். 1943இல் 51,723 பேர் கூடினர். 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் சேர்ந்து நிறத்தடையை உடைத்தபின், அவர் ஆடும் நகரங்களுக்கும் அவ்வாறே கூட்டம் பெருகியது. ஆனால் வழியில் எந்த விடுதியில் இடம் கிடைக்கும், எந்தக் கடையில் உணவு தருவார்கள் என்பதை முன்னரே அறிந்துகொள்ளாமல் கறுப்பினக் குடும்பம் ஒன்று சாலையில் இறங்க இயலாது. 1936இல் விக்டர் கிரீன் வெளியிடத் தொடங்கிய வழிகாட்டி நூல் அத்தேவைக்காகவே எழுந்தது. எதிர்பாராத பயணம் என்பது அன்று அவர்களுக்கு மகிழ்ச்சி தரும் சொல்லன்று.

இதற்கிடையே வார ஓய்வும் நீண்டது. ஹென்றி ஃபோர்ட் தம் ஆலைகளில் 1926இல் ஐந்து நாள் வேலை வாரத்தை நடைமுறைப்படுத்தினார். 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரச் சட்டம் 1940க்குள் 40 மணி நேர வாரத்தைப் பல தொழில்களுக்குப் பரப்பியது. சனியும் ஞாயிறும் சேர்ந்த ‘வார இறுதி’ உழைப்போருக்குக் கிடைத்தது இவ்வாறே. 1935 மே 24 அன்று சின்சினாட்டியில், வெள்ளை மாளிகையிலிருந்து அதிபர் ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்த விளக்குகள் எரிந்து, பெரிய லீக்கின் முதல் இரவு ஆட்டம் நடந்ததும் வெள்ளி இரவும் பயணக் கணக்கில் சேர்ந்துகொண்டது. பிறகு ரயிலின் இடத்தைக் கார் பிடித்தது. பாஸ்டனில் 1952இல் 281,278 பார்வையாளரை மட்டுமே கண்ட பிரேவ்ஸ் கழகம், அடுத்த ஆண்டு விரிந்த கார் நிறுத்துமிடம் கொண்ட மில்வாக்கி திடலுக்குக் குடிபெயர்ந்து 1,826,397 பேரை ஈர்த்தது. இதனைக் கூர்ந்து கவனித்த புரூக்ளின் உரிமையாளர் வால்டர் ஓ’மாலி 1958இல் தம் அணியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுசென்று, 1962இல் 16,000 கார்கள் நிற்கும் இடத்தோடு புதிய திடல் கட்டினார்.

இருக்கை உறுதியாவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. நெடுநாள் வரை பெரும்பாலான சீட்டுகள் ஆட்ட நாளன்று வாயிலிலேயே விற்கப்பட்டன. கணினிவழி முன்பதிவு பரவியது 1960களுக்குப் பிறகே. மழையோ இன்றும் கட்டுப்படவில்லை. ஐந்து சுற்றுகள் முடியுமுன் மழையால் ஆட்டம் நின்றால் கையிலுள்ள சீட்டுத்துண்டு வேறொரு நாளுக்குச் செல்லும் என்பது பழைய வழக்கம். உள்ளூர்க்காரருக்கு அது ஆறுதல் அளிக்கும், முந்நூறு மைல் தொலைவிலிருந்து வந்தவருக்கு அதனால் பெரும் பயனில்லை. அட்டவணை வகுப்பதும் சிக்கலாகியது. ஒவ்வொரு கழகமும் 162 ஆட்டங்கள் ஆட, அவற்றில் 81 தன் ஊரில் நடக்க, எல்லாருமே கோடை வார இறுதிகளைக் கேட்கும் நிலையில், ஹென்றி ஸ்டீவன்சன், ஹாலி ஸ்டீவன்சன் என்ற தம்பதியர் 1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை அந்தப் பணியைத் தங்கள் வீட்டிலிருந்தே செய்தனர். 1990 முதல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி ஞாயிறு இரவு ஒளிபரப்புக்கு ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபின், பிற்பகலில் நடக்கவேண்டிய ஆட்டம் சில வார முன்னறிவிப்போடு இரவுக்கு மாற்றப்படுவதும் உண்டு. திங்களன்று வேலைக்கும் பள்ளிக்கும் திரும்ப வேண்டிய வெளியூர்க் குடும்பத்துக்கு இம்மாற்றம் பெருந்தொல்லை. ஆகவே இத்தகைய பயணத்தை மறைவாகத் திட்டமிடுவோர் ஞாயிறு ஆட்டத்தைக் காட்டிலும் சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குவதே பாதுகாப்பானது.