ஒரு கடிதமும் ஒரு மஞ்சள் அட்டையும்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. அது உண்மையில் ஆயிரம் வேரைக் கொன்றவனைப் பற்றியது, மூலிகை தேடி அலைந்தவனே பாதி வைத்தியனாகிறான் என்பதுதான் பொருள் என்று புலவர்கள் விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எப்படியும் இருக்கட்டும். மக்கள் வாயில் நிலைத்துவிட்ட பாடத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. தான் கொடுத்த மருந்தால் விளைந்த கேட்டைத் தன் கண்ணாலேயே பலமுறை பார்த்தவன் என்றைக்காவது ஒரு நாள் பாடம் கற்றுக்கொள்வான்.

ஆனால் மருந்துகள் தொழிற்சாலைகளில் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி, கப்பலேறி நாடு நாடாகச் செல்லத் தொடங்கியபின் அந்த வழியும் அடைபட்டுப் போயிற்று. ஒரே மாத்திரையை ஆயிரம் ஊர்களில் ஆயிரம் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். கேடு நேர்ந்தால் ஆளுக்கு ஒருவரைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் "பாவம், விதி" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள். ஆயிரம் பேர் கெட்டும் அரை வைத்தியன்கூடத் தேறுவதில்லை!

இந்தக் குருட்டுத்தனத்தை உலகம் உணர்ந்துகொண்ட கதை மிகத் துயரமானது.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, மேற்கு ஜெர்மனியில் 'கான்டர்கன்' என்ற பெயரில் ஒரு தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. கிருனென்டால் கம்பெனியின் தயாரிப்பு. அதிலிருந்த மருந்தின் பெயர் தாலிடோமைடு. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். அபாயமே இல்லாதது என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனிலும் அது 'டிஸ்டாவல்' என்ற பெயரில் விலைபோயிற்று. மசக்கையால் வருந்திய பெண்களுக்கும் அதைக் கொடுத்தார்கள்.

சிறிது காலத்தில் ஜெர்மனியின் பிரசவ ஆஸ்பத்திரிகளில் குறுகிய கை கால்களோடு குழந்தைகள் பிறக்கலாயின. சில குழந்தைகளுக்குத் தோளிலிருந்தே விரல்கள் முளைத்தாற்போல் இருந்தது. பரம்பரைக் கோளாறு என்றார்கள் சிலர். அணுகுண்டுச் சோதனையின் தூசிதான் காரணம் என்றார்கள் வேறு சிலர். தாயின் தலையணை அருகே இருந்த மாத்திரைப் புட்டியின்மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

சந்தேகம் வேறொரு திசையிலிருந்து வந்தது. லெஸ்லி பிளாரன்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்ட தம் நோயாளிகள் சிலருக்குக் கை கால்கள் மரத்துப் போவதைக் கவனித்தார். இதற்குத் தாலிடோமைடு காரணமாக இருக்குமோ என்று கேட்டு, பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1960-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அது வெளிவந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறையில், அதே மருந்துக்கு அனுமதி கேட்டு வந்த மனுவைப் பரிசீலித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார் அதைப் படித்தார். நரம்பைத் தாக்கும் மருந்து கருவிலிருக்கும் சிசுவை என்ன செய்யும் என்று அவர் யோசித்தார். கம்பெனியின் நெருக்குதலுக்கு அசையாமல் மேலும் மேலும் சான்று கேட்டார். சோதனை என்ற பெயரில் டாக்டர்கள் வழியே அங்கும் சில வீடுகளுக்குள் மாத்திரைகள் நுழைந்துவிட்டன. ஆயினும் அந்த மருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வராமலே போயிற்று. யாரோ ஒருவர் எழுதியதும் யாரோ ஒருவர் படித்ததுந்தான் காரணம்.

ஐரோப்பாவில் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1961-இல் ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை வைத்தியர் விடுகிண்ட் லென்ஸ் பாதிக்கப்பட்ட தாய்மார்களைத் தேடிச் சென்று விசாரித்தார். கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது ஐந்தில் ஒரு பங்கினரே கான்டர்கனைச் சொன்னார்கள். மாத்திரையின் பெயரைச் சொல்லியே மறுபடியும் கேட்டபோது பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஏன் முதலில் சொல்லவில்லை? சொல்லத் தகுந்த மருந்தாகவே அவர்களுக்கு அது தோன்றவில்லையாம்! நவம்பர் 15-ஆம் தேதி லென்ஸ் கம்பெனிக்கு டெலிபோன் செய்தார். அந்த மாதம் முடிவதற்குள் மருந்து திரும்பப் பெறப்பட்டது. டிசம்பர் 16-இல், சிட்னி நகரத்துப் பிரசவ வைத்தியர் வில்லியம் மெக்பிரைடு எழுதிய சிறு கடிதம் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று. இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 20-க்குக் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொல்லி, வேறு யாரேனும் இதைக் கண்டீர்களா என்று அவர் கேட்டிருந்தார்.

கேள்வி பிறக்க நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்துவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

இனி இப்படி நேரலாகாது என்று பிரிட்டன் 1964 மே மாதத்தில் ஓர் ஏற்பாடு செய்தது. தபால் தலை ஒட்ட வேண்டாத ஓர் அட்டை எல்லா டாக்டர்களுக்கும் அனுப்பப்பட்டது. அது மஞ்சள் நிறம். அப்போது மஞ்சள் காகிதம் மிகுதியாகக் கைவசம் இருந்ததே காரணம் என்று சொல்வார்கள். மருந்தால் தீங்கு நேர்ந்ததோ என்று ஐயம் தோன்றினால் எழுதிப் போட்டால் போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. 1968-இல் உலக சுகாதார ஸ்தாபனம் 10 நாடுகளின் அறிக்கைகளை ஒன்று திரட்டத் தொடங்கியது. 1978 முதல் ஸ்வீடனிலுள்ள உப்சாலா நகரம் அந்தக் களஞ்சியத்தைக் காத்து வருகிறது. இந்தியாவும் 2010-இல் தனக்கென ஒரு திட்டம் வகுத்தது. காஜியாபாத்திலிருந்து அது நடைபெறுகிறது. உப்சாலாவில் இன்று 3 கோடிக்கும் அதிகமான அறிக்கைகள் குவிந்திருக்கின்றன.

இத்தனையையும் படிப்பது மனிதரால் ஆகுமா? 1990-களின் இறுதியிலிருந்து கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்கிறது. அதன் கணக்கு எளிமையானது. ஒரு பேச்சுக்கு, எல்லா மருந்துகளையும் பற்றிய அறிக்கைகளில் 100-க்கு 1 மட்டும் மஞ்சள் காமாலையைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட மருந்தைப் பற்றிய அறிக்கைகளில் மட்டும் 100-க்கு 10 காமாலையைச் சொன்னால் உடனே மணி அடிக்கிறது. ஆயிரம் டாக்டர்கள் தனித்தனியே கண்டது அங்கே ஒருவர் கண்டதுபோல் ஆகிறது.

ஆனால் மணி அடித்தால் திருடன் அகப்பட்டான் என்று பொருளல்ல. மெக்பிரைடின் பிற்கால வாழ்க்கையே இதற்குச் சாட்சி. உலகம் போற்றிய அந்த மனிதர், மசக்கைக்குக் கொடுக்கப்பட்ட டெபென்டாக்ஸ் என்ற வேறொரு மருந்தின்மீதும் குற்றம் சாட்டினார். வழக்குகள் பெருகி 1983-இல் அது சந்தையை விட்டுப் போயிற்று. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அதனிடம் அந்தக் குற்றம் காணப்படவில்லை. அவரோ 1982-இல் வெளியிட்ட முயல் பரிசோதனைக் கட்டுரையில் விவரங்களைத் திரித்தார் என்று தீர்ப்பாகி, 1993-இல் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். ஐந்தாண்டுகள் கழித்துத்தான் அவர் பெயர் மீண்டும் ஏறியது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்து விசாரிக்கும் பொறுமை அவரிடம் இல்லாமற் போயிற்று.

இன்னொரு குறையும் உண்டு. மருந்தால் நேரும் தீங்குகளில் 100-க்கு 94 அறிக்கையாகாமலே போய்விடுகின்றன என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. டாக்டருக்கு ஓய்வில்லை. நோயாளிக்கோ சொல்லலாமா என்று கூச்சம். "இதைப் போய்ச் சொல்வதா?" என்று ஹாம்பர்க் தாய்மார்கள் நினைத்தது போலவே நாமும் நினைக்கிறோம்.

எழுதாத அட்டையை எந்த இயந்திரமும் எண்ண முடியாது. ஆகவே, புதிதாக ஒரு மாத்திரை சாப்பிட்டபின் உடம்பில் தடிப்பு கண்டாலோ, கை கால் மரத்தாலோ, டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். அது ஒன்றுமில்லாததாகவே இருக்கலாம். இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒரு குழந்தைக்குக் கையும் காலும் அதனால் தப்பக்கூடும்.