பத்துப் பாகம் ஆழம்: முத்துக்குளிப்பு முதல் ஸ்கூபா சான்றிதழ் வரை

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் பக்கம் போனாலும் அலையைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஊரின் பெயர் வெளியே தெரிவதே வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையால்தான். அந்த ஊர்ப் பையன் ஒருவன் "ஸ்கூபா டைவிங் சான்றிதழை முடிக்க இலங்கைக்குப் போறேன், செலவு கம்மி" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை.

ஆனால் ஊரை ஒட்டி ஓடும் தண்டவாளத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-லும், அங்கிருந்து தூத்துக்குடிக்கு 1876-லும் ரயில் பாதை போடப்பட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை கொழும்புக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினார்கள். வியாபாரிகள், உத்தியோகஸ்தர்கள், தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைகள் என்று எல்லாரும் அய்யலூரைத் தாண்டித்தான் போனார்கள். தமிழர்கள் இலங்கைக்குப் போய்க் கடலில் மூழ்குவது அந்த ரயிலைவிடப் பல நூற்றாண்டு பழைய வழக்கம். ஒரே வித்தியாசம், இன்று மூழ்குவதற்குப் பணம் கட்ட வேண்டும். அன்று மூழ்கினால் கூலி.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மன்னருக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே கொடுக்கிறார். அந்த மந்திரக்காரர்களுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். சுறாவின் வாயைக் கட்டுவது இவர்கள் வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேய அரசாங்கமும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது! மந்திரத்தில் நம்பிக்கை வைத்து அல்ல. கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள், இறங்காவிட்டால் வருமானம் இல்லை. அவ்வளவுதான்.

முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்று ஒரு பெயர் உண்டு. இலங்கைக் கரையில் சலாபம் நடக்கப் போகிறது என்று அரசாங்கம் அறிவித்ததும் தூத்துக்குடி, கீழக்கரை பக்கமிருந்து பரதவர்களும் முஸ்லிம்களும் படகில் புறப்படுவார்கள். அரபு நாட்டுக் குளியாளிகளும் வருவார்கள். பயணச் செலவுக்குக் கையில் காசு இருக்காது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். கிடைத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. இந்த ஒரு பங்கில் இருந்துதான் முன்பணத்தை அடைத்து, சாப்பாட்டுக்கும் பார்த்து, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சிப்பிக்குள் முத்து இருக்கிறதா இல்லையா என்று பிளக்காமல் தெரியாது. இதையெல்லாம் பார்த்தால் இன்றைய மாணவர்களின் 'பட்ஜெட் ட்ரிப்' எவ்வளவோ மேல்.

நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் படகுகள் புறப்படும், மதியத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்பும். ஒரு படகில் பத்துக் குளியாளிகள் என்றால் ஐந்து பேர் தண்ணீரில், ஐந்து பேர் மேலே, மாற்றி மாற்றி. காலில் கயிறு கட்டிய கல், இடுப்பிலோ கழுத்திலோ வலைப்பை. கல்லின் பாரத்தில் நேராகத் தரைக்கு இறங்கி, சுமார் ஒரு நிமிடத்துக்குள் கைக்குக் கிடைத்த சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருப்பார் என்று சொல்வார்கள். அக்கா தாலி அவர் கையில் இருக்கும்போது கவனம் சிதறாது அல்லவா! ஸ்கூபா வகுப்பில் முதல் நாளே 'துணையில்லாமல் இறங்காதே' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த விதிக்கு நம்மிடம் உறவுமுறையே இருந்திருக்கிறது.

முத்துப்பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் இருந்தன. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு, சுமார் ஆறடி. பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர். இன்று உலகம் முழுக்க முதல் நிலைச் சான்றிதழான 'ஓப்பன் வாட்டர்' வாங்கியவருக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச ஆழமும் 18 மீட்டர்! இது தற்செயல்தான். ஆனாலும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு நான்கு நாள் பயிற்சி எடுத்தவர் போகும் ஆழத்துக்கு, ஒரு கல்லையும் ஒரு மூச்சையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் பலமுறை போய் வந்திருக்கிறார்கள் என்பதை நினைக்காமல் இருக்க முடியாது.

1905-ல் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபம் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைத்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு லண்டன் கம்பெனி ஒன்று 1906-ல் முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை, கம்பெனியும் படுத்துவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் கடைசிச் சலாபம் தூத்துக்குடியில் 1961-ல் முடிந்தது.

இதற்கிடையில் மூழ்கும் முறையே மாறிவிட்டது. 1943-ல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காஞ்ஞான் என்ற பொறியாளரும், மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவி ஒன்றைச் செய்தார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை வாயுவில் ஓட்டுவதற்கு உண்டாக்கிய வால்வுதான் அதற்கு மூலம். அக்வாலங் என்று பெயர். மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் இருவரும் 1950-களின் கடைசியில் இதே வகைக் கருவியோடு தூத்துக்குடி முத்துப்பார்களில் இறங்கி ஆய்வு செய்தார்கள். (மண்டபம் முகாம் அதற்கு முன்பு எதற்கு இருந்தது தெரியுமா? இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காகத் தடுத்து வைத்த இடம் அது.)

கருவி வந்ததும் ஆபத்தும் வந்தது. இங்கேதான் சான்றிதழ் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. முத்துக் குளிப்பவருக்கு இரண்டே விதி. மூச்சை அடக்கு, சீக்கிரம் மேலே வா. ஸ்கூபாவில் இரண்டும் தலைகீழ். 18 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 2.8 மடங்கு. அங்கே சிலிண்டரில் இருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரவர 2.8 மடங்காக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். வேகமாக வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாகிவிடும். மூட்டுவலியில் ஆரம்பித்துப் பக்கவாதம் வரைக்கும் போகலாம். நைட்ரஜன்தான் காரணம் என்று பால் பேர் 1878-ல் எழுதினார். எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஸ்காட்லாந்துக்காரரான ஜே. எஸ். ஹால்டேன் 1908-ல் வெளியிட்டார். அவர் அழுத்த அறைக்குள் விட்டுச் சோதித்தது ஆடுகளை! அய்யலூர்க்காரர்கள் இதற்காகவாவது ஹால்டேனைத் தெரிந்துகொள்ள வேண்டும். (அவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார்.)

கடையில் கருவியை வாங்கி நேரே கடலில் குதித்தவர்கள் இறந்தபோதுதான் பயிற்சி அமைப்புகள் வந்தன. 1959-ல் சிமாஸ், 1960-ல் நாவி, 1966-ல் பாடி. சான்றிதழ் அட்டை இல்லாதவருக்குச் சிலிண்டரில் காற்று நிரப்பித் தருவதில்லை என்ற வழக்கமும் பரவியது.

சரி, அய்யலூர்ப் பையனின் திட்டத்துக்கு வருவோம். பாடம், நீச்சல்குளப் பயிற்சி இரண்டையும் புதுச்சேரி, சென்னை போன்ற இடங்களில் முடித்துவிட்டு, கடலில் இறங்க வேண்டிய நான்கு முறையை மட்டும் வேறு நாட்டில் முடிக்கலாம். 'ரெஃபரல்' என்பார்கள். பாடி அமைப்பில் 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரை தெளிவாக இருக்கும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும். கோடை விடுமுறை என்றால் திருகோணமலைதான். 1956-ல் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன், 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் லிங்கத்தை அதே வருடம் அங்கே கடலுக்கடியில் கண்டெடுத்தார். பிறகு அவர் துறவியாகவே ஆகிவிட்டார். 1983-ல் தொடங்கிய போர் 2009-ல் முடியும் வரை அந்தக் கடல் இளைஞர்கள் சுற்றுலா போகிற இடமாக இல்லை.

நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் நிறுத்துவதும் உண்டு, விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும். கப்பலில் இன்னொரு லாபம். பல நாள் டைவிங் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும்போது பழைய நைட்ரஜன் குமிழியாகும். கப்பலில் வருகிறவருக்கு அந்த ஒருநாள் லாட்ஜ் வாடகை மிச்சம். ஆனால் வந்ததுதான் வந்தோம் என்று அன்றைக்கே நுவரெலியாவுக்குப் பஸ் ஏறக் கூடாது. அது 1,868 மீட்டர் உயரம். விமானத்துக்குச் சொன்ன காரணம் மலைக்கும் பொருந்தும்.

முத்து போனாலும் சங்கு போகவில்லை. தூத்துக்குடிப் பக்கம் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். கல்லும் கயிறும் போய், படகில் இருக்கும் கம்ப்ரசரில் இருந்து வரும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழாயில் வருவதும் அழுத்தப்பட்ட காற்றுதான், ஹால்டேனின் கணக்கு அதற்கும் உண்டு. ஆனால் பலருக்குத் தெரிந்தது தாத்தா சொல்லிக்கொடுத்த விதி, சீக்கிரம் மேலே வா என்பது. பையன் கட்டும் பணத்தில் கிடைக்கும் பாடத்தின் முக்கியமான பகுதி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு ஏறு என்பது. தூத்துக்குடிக்காரர்கள் அதற்காக இலங்கை வரை போக வேண்டியதில்லை. அவர்கள் கரையிலேயே, அவர்கள் தமிழிலேயே, ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.