கால் ஊன்றாத ஓட்டம்: ஸ்காட்லாந்து மலைத்தடங்களில் ஒரு கலை உருவான வரலாறு

கல்லும் சேறும் மரவேரும் நிறைந்த மலைத்தடத்தில் மோட்டார் சைக்கிளைச் செலுத்தும் இன்றைய ஓட்டுநர், இருக்கையை விட்டு எழுந்து இரு ஃபுட்ரெஸ்ட்களின் மேல் நின்றுகொண்டு, ஒற்றை விரலால் கிளட்ச்சை அளந்து விட்டபடி, நடப்பவரின் வேகத்தில் வண்டியை நகர்த்துவதைக் காண்போர், அது பந்தயக் களத்திலிருந்து வந்த பழக்கம் என்று எண்ணக்கூடும். ஆயினும் வேகத்தை ஒரு பொருட்டாகவே கொள்ளாத மரபு ஒன்றிலிருந்து வந்த கலை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களை நம்பி வாங்கலாமா என்று பிரிட்டானிய மக்கள் தயங்கிய காலத்தில், அவற்றின் உறுதியை மெய்ப்பித்துக் காட்டுவதற்காக நடத்தப்பட்ட நம்பகச் சோதனை ஓட்டங்களே அதன் பிறப்பிடம். வண்டியைச் சோதிப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு விதி, வண்டிகள் யாவும் தேறிவிட்ட பிறகும் கைவிடப்படாமல் நீடித்து, ஓட்டுபவரின் உடலைப் பழக்கும் விதியாக மாறியது. மலைத்தட ஓட்டக் கலையின் வரலாற்றில் அந்த மாற்றமே முதன்மையானது.

1903ல் தோன்றி 1907ல் ஆட்டோ-சைக்கிள் யூனியன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பும், அதனோடு இணைந்த உள்ளூர்ச் சங்கங்களும் நடத்திய இந்த ஓட்டங்களில் முதலில் வருவது யார் என்ற கேள்வியே எழவில்லை. குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆகாமல் ஒவ்வொரு நிலையத்தையும் அடைவதும், வழியில் பழுதாகி நிற்காமல் இருப்பதுமே வேண்டப்பட்டன. அக்கால வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு கியர்தான் இருந்தது; எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசென்ற தோல் பெல்ட் மழை பட்டவுடன் வழுக்கியது; செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டுநர் பெடலை மிதித்து எஞ்சினுக்கு உதவ வேண்டியிருந்தது, அதுவும் போதாதபோது குதித்து இறங்கி, ஓடும் வண்டியைப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே ஓட வேண்டியிருந்தது. ஆகவே, வண்டி தன் வலிமையால் ஏறிற்றா, மனிதனின் வலிமையால் ஏறிற்றா என்று அறிவதற்காக, கடினமான ஏற்றங்களின் ஓரத்தில் கண்காணிப்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஓட்டுநரின் கால் தரையைத் தொட்டால் அது வண்டியின் குறையாகக் கருதப்பட்டு மதிப்பெண் கழிக்கப்பட்டது.

எடின்பரோ நகரின் மோட்டார் சங்கம் 1909ல் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலம் வழியே ஐந்து நாள் ஓட்டமாகத் தொடங்கி, விரைவிலேயே ஆறு நாளாக நீட்டித்த ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல், இவ்வகையில் இன்றளவும் நடைபெறும் மிகப் பழமையான ஓட்டங்களுள் ஒன்று. அந்த நிலப்பரப்பைத் தேர்ந்ததில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் இருந்தது. 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மேட்டுநிலக் குடிகளை அடக்கி வைக்க விரும்பிய பிரிட்டானிய அரசு, 1725 முதல் ஜெனரல் ஜார்ஜ் வேட் என்பவரைக் கொண்டு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு இராணுவச் சாலைகளை அமைத்தது. அவருக்குப் பின் வில்லியம் கால்ஃபீல்ட் அப்பணியை மேலும் விரிவாகத் தொடர்ந்தார். இவற்றோடு, மலைப்பகுதிகளில் வளர்த்த மாடுகளை கிரீஃப், ஃபால்கர்க் சந்தைகளுக்கு நடத்திச் சென்ற மாட்டு வணிகர்களின் பழந்தடங்களும் இருந்தன. புகைவண்டி வந்து மாட்டு நடை குறைந்து, புதிய சாலைகள் பள்ளத்தாக்குகளின் வழியே போடப்பட்டபோது, இப்பழைய வழிகளில் பல கவனிப்பாரற்று, மழைநீர் மண்ணை அரித்துச்செல்ல எஞ்சிய கற்களின் வரிசைகளாயின. படைக்கும் மாட்டுக்கும் வெட்டப்பட்ட அத்தடங்களே மோட்டார் சைக்கிளின் தேர்வுக்கூடங்களாக அமைந்தன.

முதல் உலகப்போருக்குப் பின், கியர்பெட்டியும் சங்கிலியும் பரவலாகி, எந்த வண்டியும் எந்தச் சாலையையும் ஏறிவிடும் நிலை வந்தபோது, நம்பகச் சோதனைக்கான காரணமே மறைந்துவிட்டது. ஓட்டங்களை நடத்தியோர் அதற்காக அவற்றைக் கைவிடாமல், சாலையை விட்டு விலகி ஓடைப்படுகைகளையும் பாறைச் சரிவுகளையும் தேடிச் சென்றார்கள். இங்ஙனம் பிறந்ததே கண்காணிப்புப் பகுதி என்னும் அமைப்பு: சில பத்து மீட்டர் நீளமுள்ள கரடுமுரடான இடம் ஒன்றின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, அதற்குள் வண்டியைச் செலுத்துபவர் எத்தனை முறை காலை ஊன்றுகிறார் என்று எண்ணுவது. பிற்காலத்தில் நிலைபெற்ற கணக்கின்படி, ஒருமுறை ஊன்றினால் 1 மதிப்பெண்ணும், பலமுறை ஊன்றித் தத்தளித்தால் 3 மதிப்பெண்ணும், நின்றுபோனாலோ விழுந்தாலோ 5 மதிப்பெண்ணும் இழப்பாகச் சேரும். மிகக் குறைவாக இழந்தவரே வென்றவர். அதே விதிதான், ஆனால் அது அளப்பது இப்போது எஞ்சினை அன்று, மனிதனை.

இந்தத் திருப்பத்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட்டின் பங்கு தனித்துச் சொல்லத் தக்கது. இரு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், நீரால் குளிர்வித்தல், இரண்டு கியர், கிக் ஸ்டார்ட்டர் என்று தம் காலத்தை மிஞ்சிய வண்டியை 1908ல் உருவாக்கிய அவர், 1914ல் தம் ஷிப்லி தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்று, அங்கிருந்து பர்ன்சால் சிற்றூர் வரை புல்வெளிகளையும் ஓடைகளையும் கடந்து செல்லும் ஓட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். போருக்குப் பின் பிறருக்கும் திறந்துவிடப்பட்ட ஸ்காட் டிரையலில் காலத்துக்கும் கால் ஊன்றலுக்கும் சேர்த்தே மதிப்பெண் கழிக்கப்பட்டதால், விரைந்தால் தவறும், தயங்கினால் தாமதமும் ஓட்டுநரை இருபுறமும் நெருக்கின. இங்கிலாந்தின் தென்பகுதிச் சங்கத்தார் அதைப் பார்த்து, கண்காணிப்புப் பகுதிகளை அறவே நீக்கி, வேகத்தை மட்டும் வைத்து, 1924 மார்ச் 29 அன்று கேம்பர்லியில் ஓர் ஓட்டம் நடத்தியபோது, அதைச் சோதனை ஓட்டம் என்று அழைக்க ஆட்டோ-சைக்கிள் யூனியன் ஒப்பவில்லை. ஆகவே அது ஸ்கிராம்பிள் என்ற வேறு பெயரில் நடந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவெங்கும் மோட்டோகிராஸ் என்று பெயர்பெற்றுப் பெருங்கூட்டத்தை ஈர்த்த பந்தயம் அதன் வழித்தோன்றலே. ஆகவே மண்தடத்து மோட்டார் சைக்கிளின் இரு பெருங்கிளைகளும், நிதானத்தின் கிளையும் வேகத்தின் கிளையும், ஒரே சோதனை ஓட்ட மரபிலிருந்து பிரிந்தவை.

1913ல் கார்லைலில் தொடங்கிய பன்னாட்டு ஆறு நாள் சோதனை ஓட்டம், நாடுகளுக்கிடையே கோப்பையையும் வெள்ளிக் கலசத்தையும் வைத்து நடத்தப்பட்டது. 1927ல் அந்த வெள்ளிக் கலசத்தை வென்ற பிரிட்டானிய அணியில் இருந்த மார்ஜரி காட்டில், ஈடித் ஃபோலி, லூயி மக்லீன் ஆகிய மூவரும் பெண்கள். அவர்களுக்கென்று தனிப் பிரிவோ சலுகையோ கிடையாது. தோள்வலிமையைக் காட்டிலும் சமநிலையையும் பொறுமையையும் வேண்டுவது இக்கலை என்பதற்கு அதைவிட உறுதியான சான்று அந்த ஆண்டுகளில் இல்லை. அதைக் கண்ட பின்பும் உற்பத்தியாளர்கள் பெண்களைப் பெரிதும் விளம்பரப் படங்களுக்கே பயன்படுத்திக்கொண்டது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

இரு போர்களுக்கும் இடையே எடின்பரோவிலிருந்து புறப்பட்ட ஸ்காட்டிஷ் ஓட்டம் 1938ல் பென் நெவிஸ் மலையடிவாரத்து ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டது. அதைச் சூழ்ந்த நிலம், பீட் எனப்படும், பாதி மக்கிய பாசியும் புல்லும் நூற்றாண்டுகளாகப் படிந்து ஊறிய கருஞ்சதுப்பும், மழையில் பளபளக்கும் பாறையும் மாறி மாறி வருவது. கின்லாக்லெவன் அலுமினிய ஆலைக்கு மலைமேலிருந்து நீரைக் கொண்டுவந்த பெருங்குழாய்களை ஒட்டிய நெட்டேற்றமாகிய பைப்லைன் என்னும் கண்காணிப்புப் பகுதி, தலைமுறை தலைமுறையாக ஓட்டுநர்களை அச்சுறுத்தி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இம்மரபுக்கும் உள்ள தொடர்பு இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய கட்டத்தில்தான் உண்டாகிறது. அதுவரை சோதனை ஓட்ட வண்டிகளின் பின்சக்கரம் ஸ்பிரிங் ஏதுமின்றிச் சட்டத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. பின்புறம் அசைந்தால் பிடிமானம் போய்விடும் என்று தேர்ந்த ஓட்டுநர்களே உறுதியாக நம்பினார்கள். 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பை ஓட்டத்துக்கு ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த புதிய 350 சிசி புல்லட்டின் முன்மாதிரி வண்டிகளில், பின்சக்கரம் ஷாக் அப்சர்பர் தாங்கிய ஆடுகரத்தில் பொருத்தப்பட்டு, நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. பாறையில் மோதித் துள்ளும் சக்கரம் காற்றில் இருக்கும் கணத்தில் அதற்குப் பிடிமானமே கிடையாது என்பதையும், நிலத்தை விட்டுப் பிரியாத சக்கரமே வண்டியைத் தள்ளும் என்பதையும் அவ்வண்டி செயலில் காட்டியது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் பன்னாட்டு ஆறு நாள் ஓட்டத்தின் கோப்பையை வென்ற பிரிட்டானிய அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. 1952ல் ஜானி பிரிட்டன் புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஓட்டத்தை வென்றார். அந்த வண்டியை இந்திய இராணுவத்துக்கு இறக்குமதி செய்து வழங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955ல் ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. நெடுஞ்சாலையின் கம்பீர வாகனம் என்று இங்கே அறியப்பட்ட வண்டியின் உடலமைப்பு, சேற்றிலும் பாறையிலும் தேர்வெழுதிப் பெற்ற அமைப்பு என்பது தமிழ் வாசகர் நினைவில் கொள்ளத்தக்கது.

இக்கலையின் நுணுக்கத்தை அறிய ஒரு கண்காணிப்புப் பகுதியை அருகே நின்று காண்பது வேண்டும். ஓட்டுநர் முதலில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த இடத்தை நடந்தே பார்க்கிறார். எந்தக் கல் அசைகிறது, எது வேரூன்றி நிற்கிறது என்பதைக் காலால் மிதித்து அறிகிறார். பின் வண்டியில் ஏறி நிற்கிறார். அமர்ந்திருப்பவரின் உடல் வண்டியோடு ஒட்டியே சாயும். நிற்பவரின் எடையோ பாதங்களின் வழியே தாழ இறங்குவதால், வண்டி ஒருபக்கம் சாயும்போது உடலை மறுபக்கம் கொண்டுசென்று சமன் செய்ய முடியும். ஏற்றத்தில் எடையை மிகவும் முன்னே கொண்டுசென்றால் பின்சக்கரம் வீணே சுழலும், மிகவும் பின்னே விட்டால் முன்சக்கரம் வானத்தை நோக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட புள்ளி ஒவ்வொரு அடிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஈரப்பாறையில் ஆக்சிலேட்டரைச் சற்றே கூடுதலாக முறுக்கினாலும் டயர் வழுக்கிவிடும் என்பதால், எஞ்சினை மெல்லத் துடிக்கவிட்டு, கனத்த ஃப்ளைவீல், அதாவது எஞ்சினின் சுழற்சியைச் சேமித்து வைக்கும் உருளை, தரும் உந்தத்தைக் கிளட்ச்சின் வழியே தவணை தவணையாகச் செலவழிக்கிறார். டயரில் காற்றை மிகவும் குறைத்து வைப்பதால் அது கல்லின் வடிவத்துக்கு நெகிழ்ந்து பரந்து பற்றிக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் ஒருசேரக் கைவரப்பெற்றவர் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதை 1961ல் ஸ்காட்டிஷ் ஓட்டத்தில் கார்டன் ஜாக்சன் காட்டினார். 350 சிசி ஏஜேஎஸ் வண்டியில் ஆறு நாளும் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காணிப்புப் பகுதிகளைக் கடந்த அவர், கின்லாக்லெவனுக்கு அருகிலுள்ள கிரே மேர்ஸ் ரிட்ஜ் என்னும் இடத்தில் ஒரே ஒருமுறை காலைத் தரையில் தொட்டு எடுத்தார். ஆறு நாளில் அவர் இழந்தது அந்த ஒரு மதிப்பெண் மட்டுமே. அந்த ஊன்றலும் புகைப்படமாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனால் அத்தகைய கனத்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரியல் வண்டியில் 1962லும் 1964லும் ஸ்காட்டிஷ் ஓட்டத்தை வென்ற வட அயர்லாந்துக்காரர் சாமி மில்லர், பிரிட்டானிய நிறுவனங்கள் புதிய வண்டியில் அக்கறை காட்டாததால், பார்சிலோனாவின் புல்டாகோ நிறுவனத்துக்குச் சென்று, அங்குள்ள பொறியாளர்களோடு சேர்ந்து ஷெர்பா டி என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். பல்லாண்டு முயன்று ஏறத்தாழ 110 கிலோவாக அவர் இளைக்கவைத்த ஏரியலுக்கு எதிரே, ஷெர்பா தொடக்கத்திலேயே ஏறத்தாழ 90 கிலோதான் இருந்தது. 1965ல் அவர் அதில் ஸ்காட்டிஷ் ஓட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு பிஎஸ்ஏயும், 1969ல் கிரீவ்ஸும் வென்றதோடு பிரிட்டானிய வண்டிகளின் வெற்றி நின்றுபோனது. தாங்களே தோற்றுவித்த கலைக்குரிய கருவியைச் செய்வதற்குத் தங்கள் பழைய புகழே போதும் என்று அத்தொழிலின் தலைவர்கள் நம்பியிருந்தார்கள்; அதற்குரிய விலையை வேலையிழந்த பிரிட்டானியத் தொழிலாளர்களே கொடுத்தார்கள்.

1975ல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபின் கலை மீண்டும் உருமாறியது. 1979ல் பட்டம் வென்ற அமெரிக்கர் பெர்னி ஷ்ரைபர், முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தின் மேல் வண்டியைத் திருப்பும் முறையைப் பரப்பினார். மிதிவண்டிச் சாகசத்திலிருந்து வந்த கட்டலோனியர் ஜோர்டி தர்ரேஸ், நின்ற இடத்திலேயே வண்டியைத் துள்ளவைத்து இடம் மாற்றும் உத்தியைக் கொண்டுவந்து ஏழு பட்டங்களை வென்றார். ஆனால் ஸ்காட்டிஷ் ஓட்டத்தில் கண்காணிப்புப் பகுதிக்குள் வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் 5 மதிப்பெண் என்ற விதி இன்றும் உள்ளது. இவ்விதியே சரியானது என்று கொள்ள இடமுண்டு. நின்று துள்ளுவது அரிய திறமையே எனினும், தடத்தில் தொலைதூரம் செல்பவருக்கு உதவுவது இடையறாத நகர்ச்சிதான்.

இதற்கான ஆதாரம் ஆஸ்திரியாவில் கிடைத்தது. ஐசனெர்ஸ் நகரத்து இரும்புத்தாதுச் சுரங்கத்தின் சரிவுகளில் 1995 முதல் நடைபெறும் எர்ஸ்பெர்க் ரோடியோ, வேகத்தையும் பாறைத் தடையையும் சேர்த்து வைக்கும் கடும் எண்டியூரோ பந்தயம். இறுதிச் சுற்றில் 500 பேர் புறப்பட்டு, சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே முடிவை எட்டும் அப்போட்டியை 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற போலந்துக்காரர் தாடி பிளாசூசியாக்கும், பின்னர் பலமுறை வென்ற ஆங்கிலேயர் கிரகாம் ஜார்விஸும் சோதனை ஓட்டத்தில் வளர்ந்தவர்கள். ஜார்விஸ் ஸ்காட் டிரையலையும் ஸ்காட்டிஷ் ஓட்டத்தையும் பலமுறை வென்ற பின்னரே எர்ஸ்பெர்க்கின் பாறைகளுக்கு வந்தார். ஸ்காட்டிஷ் ஓட்டமோ, நில உரிமையாளர்கள் ஆண்டுதோறும் தரும் இசைவைப் பெற்று, ஒவ்வொரு மே மாதத்திலும் ஃபோர்ட் வில்லியத்திலிருந்து புறப்படுகிறது. 250க்கும் மேற்பட்ட அதன் இடங்களுக்கு விண்ணப்பிப்போர் அதைவிட மிகுதியாக இருப்பதால், ஓடுபவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.