பிளஸ் ஒன் பெருக்கலும் பிளஸ் டூ பெருக்கலும்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறும் முன், அங்குள்ள சாரத்துப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பாடநூல்களைத்தான் படித்தார்கள். 2018இல் வந்த புதிய பாடத்திட்டப்படி கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான். பிளஸ் ஒன் புத்தகம் ‘செயற்குறி பணிமிகுப்பு’ என்கிறதே, நாம் உருவாக்கிய இனக்குழுவுக்கும் கூட்டல், பெருக்கல் குறிகளைப் பழக்குவது, அதை இரண்டு மொழிகளுமே தருகின்றன. கல்லூரிக்குப் போய் வார்ப்புரு இனக்குழுவைத் தொடும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

கணக்குப் பாடத்தின் அணியையே எடுத்துக்கொள்வோம். உறுப்புகள் முழு எண்ணாகவோ தசம எண்ணாகவோ கலப்பெண்ணாகவோ இருக்கலாம். சி++இல் உறுப்பின் வகையை ‘டி’ என்று காலியாக விட்டு ஒரே வார்ப்புரு எழுதுகிறோம். பெருக்கல் குறியை அதற்கு வெளியே இன்னொரு வார்ப்புருவாக எழுதி, ஓர் அணியும் ஒரு ‘டி’யும் வாங்கச் சொன்னால், டபுள் அணி ‘அ’வுக்கு அ * 2 என்பதைத் தொகுப்பி ஏற்காது. அணியைப் பார்த்தால் ‘டி’ டபுள், 2ஐப் பார்த்தால் இன்ட். வகையை ஊகிக்கும் அந்தக் கட்டத்தில் தொகுப்பி இன்ட்டை டபுளாக மாற்றிப் பார்ப்பதே இல்லை. குறியில் தவறில்லை என்பது புரியாமல் மாணவர்கள் மணிக்கணக்கில் அதையே திருத்துகிறார்கள்.

தீர்வு சிறியது. இனக்குழுவின் உள்ளேயே ஃபிரெண்ட் செயற்கூறாக அந்தப் பெருக்கலை எழுதினால் போதும். டபுள் அணி உருவாகும்போதே டபுளுக்கான பெருக்கலும் சாதாரணச் செயற்கூறாகப் பிறந்துவிடும். ஊகம் தேவையில்லாததால் 2 தானே 2.0 ஆகும். பார்டனும் நாக்மனும் 1994இல் தங்கள் சி++ நூலில் பரப்பிய உத்தி இது. 2 * அ வேண்டுமானால், இடம் மாறிய இன்னொரு ஃபிரெண்டும் எழுத வேண்டும்.

பைத்தானில் வார்ப்புருவே வேண்டாம். பட்டியலுக்குள் எந்த எண்ணும் போகும். 2 * அ என்றால் முதலில் 2இடம் கேட்கும். அது கைவிரித்தால், அணியின் ‘ஆர்மல்’ (__rmul__) முறையிடம் போகும். அழகான ஏற்பாடு. அணிப் பெருக்கலுக்கென்றே 2015இல் பைத்தான் 3.5 ‘@’ என்ற தனிக் குறியையும் சேர்த்தது. சி++இல் புதுக் குறி உருவாக்க வழியே இல்லை, இருப்பதைத்தான் பழக்கலாம். இந்த இடத்தில் பைத்தானுக்கே என் ஓட்டு.

ஆனால் பெருக்க முடியாத ஒன்றை உறுப்பாக வைத்துப் பெருக்கினால்? சி++ தொகுக்கும்போதே நிறுத்திவிடும். பைத்தானிலோ அந்த வரி ஓடும்போதுதான் பிழை தெரியும்; ஓடாதவரை உள்ளேயே கிடக்கும். பாலத்துக்கோ மருத்துவக் கருவிக்கோ கணக்குப் போடும் நிரலை நான் சி++இல்தான் எழுதுவேன்.

எந்த மொழியில் எழுதினாலும், தம்பி தங்கைகளே, அ * 2 சரியாக வந்ததும் எழுந்துவிடாதீர்கள். 2 * அ என்றும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.